பாறசாலையில் சார் போட்ட ஸ்லைடு

பேராசிரியர் சார், நீங்கள் என் தங்கையின் வேலையைத் திருடினீர்கள்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. பனச்சமூட்டில் சைக்கிள் கடை நடத்துகிறவன் நான். வாரம் ஒருமுறை இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன் என்பதற்காக நாக்கு நயமாகிவிடவில்லை. அவர் பெயரைப் போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

போன ஞாயிறு பாறசாலையில் ஒரு மண்டபத்தில் அவருக்குப் பாராட்டுக் கூட்டம். கார்பன் நானோகுழாய் செய்ய நல்ல வழி கண்ட விஞ்ஞானி என்று வாசலில் விளம்பரத் தட்டி. மூன்றாவது வரிசையில் நானும் விமலாவும். விமலா என் தங்கை. திருவனந்தபுரத்தில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஐந்து வருஷமாக ஆராய்ச்சி மாணவி. தினமும் பாறசாலையில் ரயிலேறிப் போய் வருகிறவள்.

நானோகுழாய் என்றால் என்ன? கரிதான். பென்சிலுக்குள் இருக்கிற அதே கரி. அணுக்கள் வலை மாதிரி கோத்துக்கொண்டு, அந்த வலை சுருண்டு குழாயாகிறது. தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிசு. எடைக்கு எடை பார்த்தால் இரும்பு தோற்றுப்போகும் என்கிறாள். முதலில் கண்டவர் ஜப்பானில் இருக்கிறார். என் தங்கை முதல் ஆள் என்ற பொய்யை நான் சொல்ல மாட்டேன். நிறைய, நல்லதாக எப்படிச் செய்வது... அதுதான் அவள் கேள்வி.

ஓர் இரும்பு அறை, பெட்டி மாதிரி. உள்ளே இரண்டு கிராஃபைட் கம்பிகள், நேருக்கு நேர். காற்றை உறிஞ்சிவிட்டு, கொஞ்சம் ஹீலியம் வாயு விட்டு, கரண்ட் பாய்ச்சினால் வெல்டிங் மாதிரி எரியும். ஒரு கம்பி கரையும். சுவரில் புகைக்கரி படியும். அதைச் சுரண்டி எடு, மற்றதைக் குப்பையில் போடு — இது சாரின் உத்தரவு. மற்றது என்றால் எதிர்க் கம்பியின் நுனியில் கட்டையாக இறுகிக் கிடக்கும் கரி.

விமலா போடவில்லை.

"அண்ணா, கம்பி எவ்வளவு குறைஞ்சுதுண்ணு நிறுத்துப் பாத்தேன். சுவத்துக் கரியையும் நிறுத்தேன். ரெண்டும் ஒக்கல்ல. மிச்சம் அந்தக் கட்டையிலயாக்கும் இருக்கு."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"ஆக்சா பிளேடு உண்டா?"

கட்டையின் வெளிப்பக்கம் கல் மாதிரி. அறுத்தால் உள்ளே மெத்தென்று கறுப்பு. குழாய்கள் அதில்தான் இருந்தன. என் கடை பிளேடு அறுத்தது. அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

பிறகு வாயுவைக் கூட்டினாள். எல்லோரும் அழுத்தம் காட்டுகிற கேஜில் நூறு வைக்கிற இடத்தில் இருநூறு, முந்நூறு... ஐந்நூறில் கொத்துக் கொத்தாய் வந்தன. பெங்களூரில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுத்த படத்தைக் கடைக்குக் கொண்டுவந்தாள். சேமியா பாக்கெட்டைக் கொட்டின மாதிரி இருந்தது. பஞ்சர் ஒட்ட வந்திருந்த மரச்சீனிக் கிழங்கு வியாபாரி தாசையன் எட்டிப் பார்த்தார்.

"இது நீ செஞ்சதா மக்கா?"

"ஆமா மாமா."

"பாயசம் வைக்கலாமா?"

வெளிநாட்டு இதழில் கட்டுரை வந்தது. சாரின் பெயர். அவருடைய இன்னொரு மாணவரின் பெயர்; எழுதினது அந்த மாணவர்தான். விமலா? கடைசியில், பொடி எழுத்தில், ஆய்வுக்கூட உதவிக்கு நன்றியாம். அதோடு விட்டாரா? அவளுடைய தீசிஸிலிருந்து அந்த அத்தியாயத்தை எடுக்கச் சொல்கிறார். அது தன் வேலை என்கிறார். அதை எடுத்தால் மிஞ்சுவது அட்டைதான். டாக்டர் பட்டம் போச்சு. ஐந்து வருஷமும் போச்சு.

கூட்டத்துக்கு வருகிறேன். விளக்கை அணைத்து ஸ்லைடு போட்டார். கம்பி, அறை, கரி... பிறகு திரை நிறைய ஒரு குப்பி. அதில் ஒட்டிய காகிதத்தில் தமிழ். ஒவ்வொரு எழுத்தும் தேங்காய் அளவு.

ஆய்வுக்கூடத்தில் தமிழ் எதற்கு? அங்கே கூட்டிப் பெருக்குகிற தங்கம்மை அக்கா தமிழ்நாட்டுப் பக்கத்துப் பளுகல்காரி. அவருக்கு வாசிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும். குப்பி குப்பைக்குப் போய்விடக் கூடாதே என்று விமலா தமிழில் எழுதி ஒட்டினாள். சார் வட கேரளத்துக்காரர், தமிழ் வாசிக்கத் தெரியாது. அவருக்கு அது ஏதோ கிறுக்கல். சரி, அந்தப் படத்தைப் பாறசாலையில் போடலாமா? பாதிப் பேர் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த எல்லையோர ஊரில்?

பின்வரிசையிலிருந்து தாசையன் சத்தமாக வாசித்தார். "கட்டைக்க உள்கரி. வாயு ஐந்நூறு. களையாண்டாம் அக்கா. விமலா."

"எலே, நம்ம விமலாவா?" என்றது ஒரு குரல்.

"பின்ன இந்த ஊருல எத்தன விமலா கரி அறுக்கா?"

மண்டபம் சிரித்தது. "எந்தா சிரிக்குந்நே?" என்றார் வாசித்தது பிடிபடாத சார், மலையாளத்தில்.

விமலா எழுந்தாள். மலையாளத்திலேயே கேட்டாள் — அந்தக் குப்பியில் இருக்கிற கரிக்கு வாயு எவ்வளவு வைத்தீர்கள் சார்?

எல்லோரும் வைக்கிற நூறுதான் என்றார் அவர்.

"ஐந்நூறு சாரே" என்றார் தாசையன்.

கேஜையே கண்ணால் பார்க்காத மனுஷன். அவருக்குத் தெரிந்தது, கட்டுரையில் பெயர் போட்டவருக்குத் தெரியவில்லை. பெரிய இடத்தில் திருடுகிறவர்கள் இப்படித்தான். பொருளை எடுத்துக்கொள்வார்கள், அது எப்படி வந்தது என்று கேட்டு வைக்க மாட்டார்கள்.

"அடுத்த ஸ்லைடு" என்றார் சார்.

வெளியே வந்ததும் தாசையன் சொன்னார். "நீ ஆருக்கும் பயப்படாண்டாம் மக்கா."

"பயம் ஒண்ணும் இல்ல மாமா. நாளைக்குப் புதுக் கம்பி வைக்கணும். காலத்தே ரயில் உண்டு, போயிட்டு வாறேன்."

நானாக இருந்தால் மேடை ஏறி மைக்கைப் பிடுங்கியிருப்பேன். அவள் மறுநாள் அதே ஆய்வுக்கூடத்துக்குப் போய், அதே மனுஷனின் கண்முன்னால் கம்பி மாட்டினாள். இவள் என் தங்கை. விஞ்ஞானி என்று யாரைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு இனி யாரும் சொல்லித்தர வேண்டாம்.

சார், தமிழ் தெரிந்தவர் யாராவது இதை உங்களுக்கு வாசித்துச் சொல்லட்டும். தீசிஸ் கொடுக்க அடுத்த மாதம் கடைசி. அந்த அத்தியாயம் இருக்குமா? கட்டுரையில் அவள் பெயர் விட்டுப்போனது என்று அந்த இதழுக்குத் திருத்தம் எழுதுவீர்களா? கடைக்கு ஆள் அனுப்ப வேண்டாம். தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டாம். இந்தப் பக்கத்தில் பாதியை உங்களுக்கு விட்டுத் தருகிறேன். உண்டா, இல்லையா? எல்லோரும் வாசிக்கும்படி இங்கே எழுதுங்கள், கையெழுத்தும் போட்டு.