பீடம் தெரிகிற பொத்தல்

மலாயாவில், பத்து காஜா என்ற ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில், 1923-ல், மாதா கோயில் கட்ட நிலம் கிடைத்தது. வேலை கொத்தனார் சவரியப்பனிடம் வந்தது. கும்பகோணம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த அவன், எட்டு வருடமாகக் கூலிகளுக்கு வரிசையாக லயன் வீடுகளும் ரப்பர் புகைக்கூடங்களும் கட்டிக்கொண்டிருந்தவன். மனைவி நவமணி காலையில் பால்மரம் சீவுவாள். மாலையில் அவனுக்குச் சாந்து சுமப்பாள். பிறந்த இரண்டு பிள்ளைகளையும் காய்ச்சல் கொண்டுபோயிருந்தது.

பிரெஞ்சுக்காரச் சாமியார் ஒரு பென்சில் படத்தைக் கொண்டுவந்து விரித்தார். அவருடைய கிராமத்துக் கோயிலாம். எழுநூறு வருடத்துக்கு முன் அந்த ஊர்க் குடியானவர்கள் வயலில் பொறுக்கிய கல்லைக் கொண்டு கட்டியதாம். தீயையும் கொள்ளைநோயையும் தாண்டி நின்றது, சமீபத்திய யுத்தத்தில் பீரங்கிக் குண்டு விழுந்து ஒரே காலையில் மண்ணாகிப் போனதாம். அதையே இங்கே எழுப்ப வேண்டும் என்றார்.

மூன்றடி கனத்தில் சுவர். கைப்பிடி அகலத்தில் சன்னல்கள். பீடத்துக்குப் பின்னே அரைவட்டமாக வளையும் சுவர். கோபுரம் கிடையாது, முகப்புச் சுவரையே உயர்த்தி, மணி தொங்க இரண்டு வளைவுகள். பனி பெய்யும் ஊருக்கு ஏற்ற கட்டடம் அது. பத்து காஜா ஜெயிலுக்குக்கூட இதைவிடப் பெரிய சன்னல் உண்டென்று தோட்டத்தில் சிரித்தார்கள்.

படத்தில் பக்கச் சுவரில் சாய்வாக ஒரு பொத்தல் இருந்தது. அது எதற்கு என்று சவரியப்பன் கேட்டான்.

“முற்காலத்தில் குஷ்டரோகிகள் உள்ளே வரலாகாது. வெளியே நின்று அதன் வழியாகப் பூசை காண்பார்கள்,” என்றார் சாமியார். “இங்கே அது வேண்டாம். அடைத்தே கட்டிவிடு.”

சவரியப்பன் தலையாட்டினான். அதற்கு முந்தின வாரம்தான் நவமணியின் முதுகில் வெளுத்த தேமல் ஒன்றைப் பார்த்திருந்தான். நகத்தால் கிள்ளியும் அவளுக்கு உறைக்கவில்லை. இருவரும் அதைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளவே இல்லை.

பொத்தலை அவன் அடைக்காமல் விட்டே கட்டினான். சாந்துச் சட்டியை இறக்கிவைத்த நவமணி குனிந்து பார்த்தாள்.

“பீடம் மட்டுந்தான் தெரியுதுங்க.”

“அது போதும்,” என்றான்.

கோயிலை மந்திரித்துத் திறந்த நாளில் சாமியார் அந்தப் பொத்தலுக்குள் கையை விட்டுப் பார்த்தார். அடைக்கச் சொல்லாமல் பூசைக்கு உள்ளே போனார்.

இரண்டு வருடத்தில் நவமணியின் விரல்கள் மடங்கத் தொடங்கின. மரம் சீவும் கத்தி கையில் நிற்கவில்லை. கங்காணி ராமையா அதைக் கவனித்து, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரிடம் சொன்னார். லயன் வீட்டுப் பெண்கள் அவள் தொட்ட குழாயில் தண்ணீர் பிடிக்க மறுத்தார்கள். புருஷனும் பெண்சாதியும் சதுப்பு ஓரத்தில் ஒரு குடிசைக்குப் போனார்கள். ஞாயிறுதோறும் அவள் ஈரப்புல்லில் நின்று பொத்தல் வழியாகப் பூசை கண்டாள். பூசை முடிந்ததும் சாமியார் சுற்றிக்கொண்டு வந்து அவளுக்கு நற்கருணை கொடுப்பார். சவரியப்பன் மழைக்கு அவள் தலைமேல் சாக்கைப் பிடித்தபடி நிற்பான்.

இப்படி ஏழு மாதம். 1926-ல் ஒரு திங்கட்கிழமை லாரி வந்தது. இந்த நோய்க்காரர்களைக் கடல் நடுவே ஒரு தீவில்தான் வைக்க வேண்டும் என்பது சட்டம்.

“எனக்கும் இருக்குங்க ஐயா,” என்று சவரியப்பன் முன்னால் போய் நின்றான். “என்னையும் ஏத்துங்க.”

வந்திருந்த அதிகாரி அவனைக் கண்ணை மூடச் சொல்லி, கையில் ஊசியால் குத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். இரண்டாவது குத்து முழங்கைக்கு மேல் விழுந்தது. கை தானாக வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

லாரியில் இருந்த நவமணி, “அவருக்கு ஒண்ணுமில்லீங்க, பொய் சொல்றாரு,” என்றாள்.

வருடத்துக்கு இரண்டு தடவை லூமூட் துறைமுகத்திலிருந்து படகேறி அவன் தீவுக்குப் போனான். நடுவில் மரத்தடுப்பு, அவன் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். மூன்றாம் தடவை அவளுக்குப் பார்வை போயிருந்தது. கோயில் கூரை ஒழுகுகிறதா என்று கேட்டாள். ஒழுகுகிறது என்றான். எந்த இடத்தில் என்று விசாரித்தாள். அன்று முழுக்க அவர்கள் பேசியது அதைத்தான்.

1929-ல் போனபோது காவல்காரன் அவனைத் தடுப்புக்கு அழைத்துப் போகவில்லை. நேராக ஒரு மண்மேட்டின் பக்கம் கூட்டிப்போனான். அவள் இறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. கடிதம் வழியில் எங்கோ தங்கிவிட்டது. சவரியப்பன் கேட்டு வாங்கிய சுண்ணாம்பைக் குழைத்து, கையாலேயே மேட்டைப் பூசி மெழுகினான். ஈரம் காய்வதற்குள் படகுக்காரன் கூப்பிட்டான். கை கழுவாமலே போய் ஏறிக்கொண்டான்.