கேட் கீப்பரின் பேய்மிரட்டிச் செடி

பாலக்கோடு பக்கம் ஒரு ரயில்வே கேட்டில் அவர் காவலர். காக்கிச் சட்டை, காதைத் தொடும் மீசை. கேட்டை ஒட்டிப் பேய்மிரட்டிச் செடியை வேலிபோல வளர்த்திருந்தார். பூவுக்கு வரும் தேனீக்களை "வாங்க, வாங்க" என்று கும்பிடுவார். கேட் திறக்கக் காத்து நிற்கும் எங்களைத் திரும்பியும் பார்க்கமாட்டார்.

நான் அப்போது விவசாய இலாகா ஊழியன். "இது களைங்க, புடுங்கிப் போடுங்க" என்றேன்.

"உங்க வூட்டுல பூசணி காய்க்குதுங்களா சார்?"

"பூவெல்லாம் உதிர்ந்துடுதுங்க."

தன் கூரைமேல் உருண்டு கிடந்த பூசணிக்காய்களைக் காட்டினார். "எல்லாம் இந்தப் பூவுக்கு வர்ற தேனீங்க தயவுங்க. செடிய ஒருக்கா வெச்சா வருசக்கணக்கா நிக்கும்."

ஊரெல்லாம் களை பிடுங்கச் சொல்லித் திரிந்த நான், அவர் கொடுத்த செடியைத் துண்டில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அது பூத்து முதல் தேனீ வந்த காலையில், என் கைகள் தாமாகவே கும்பிட்டன.