குளச்சல் கரையில் முதல் போணி

கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்க முடியும் என்று ஓராண்டாக மேடைதோறும் முழங்கிவந்த எனக்கு, 2012 செப்டம்பரில் குமரி மாவட்டத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. குளச்சலுக்கு அருகே ஒரு கடற்கரை ஊர். தேவாலயக் கூடத்தில் மகளிருக்கான பரிசோதனை முகாம். அழைத்தவர் செவிலியர் ரெஜினா.

நாகர்கோவிலில் நண்பகல் தொடர்வண்டி ஏறி இரணியலில் இறங்கினேன். அரைமணி நேரப் பயணம். தாமரைக் குளங்களும் தென்னைகளும் பின்னே நழுவ, தொலைவில் மலைகள் முகிலைப் போர்த்திக் கிடந்தன. விழித்திருந்தேனா உறங்கினேனா என்று இன்றும் எனக்கு உறுதியில்லை. அங்கிருந்து ஊருக்குப் பத்துக் கிலோமீட்டர். தானிக் கட்டணம் நூற்றிருபது ரூபாய்.

“முகாமுக்கா?” என்றார் ஓட்டுநர். “மூணு மணிக்கு மின்ன போனா ஒருத்தியும் இருக்கமாட்டா, கேட்டியளா. எல்லாரும் மீன் விக்கப் போயிருப்பா.”

அவர் சொன்னது சரிதான். மூன்றேகால் மணிக்குத்தான் பெண்கள் வந்தனர், பன்னிருவர். மீன் விற்றுக் காலியான அலுமினியச் சருவங்களை அருகில் கவிழ்த்துவைத்து அமர்ந்தார்கள். சாளரம் வழியே கடலின் வெளிச்சம் சுவரில் அலையலையாக ஆடிக்கொண்டிருந்தது.

நாற்பது நிமிடம் பேசினேன். எச்.பி.வி. என்னும் தீநுண்மி உடலுறவின் வழியே பெரும்பாலோரைத் தொற்றும். அது எவருடைய ஒழுக்கத்துக்கும் சான்றன்று. பலருக்குத் தானே நீங்கிவிடும். சிலரிடம் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றாகும். அதற்குமுன் கண்டுவிட்டால் தடுத்துவிடலாம் என்றேன். காடி நீரைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால் போதும், மாறிய இடம் வெளுத்துத் தெரியும் என்றேன்.

“வினாகிரியா? நம்மள ஊறுகா போடப் போறாவளாட்டி?” என்றாள் ஒருத்தி. சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் எழவில்லை.

என் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் செல்வமேரி. நாற்பது வயதிருக்கும். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “மூணு மாசமா இடைக்கிடைக்கு ரெத்தம் படுது. ஆருட்டயும் சொல்லல.”

“அப்படியென்றால் நீங்கள்தான் முதலில் போகவேண்டும்.”

“மொதல்லயா? மொத போணி நல்ல கையில ஆவணும்லா. கை சரியில்லன்னா அன்னைக்கு சருவம் ஒழியாது. இங்க ஒருத்தியும் மொதல்ல எந்திக்கமாட்டா.” பிறகு கேட்டார்: “நீங்க பாத்தியளா?”

ஐம்பது மேடைகளில் ஏறியிருக்கிறேன். பரிசோதனைக் கட்டிலில் ஒருமுறையும் ஏறியதில்லை. இல்லை என்றேன்.

“அப்ப நீங்க போங்க. நீங்கதான் போணி,” என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி.

“போட்டும், பேசும்போது கைய நல்லாத்தான் ஆட்டுனாவ,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

போனேன். திரைக்குப் பின்னே படுத்ததும் குளிர்ச்சியாக ஒரு தொடுகை. “ஒரு நிமிஷம்,” என்றார் ரெஜினா. கடல் சாளரத்தைக் கடந்து அறைக்குள் வந்து என் கட்டிலைத் தூக்கிச் செல்வதுபோல் இருந்தது. கூரையில் ஆடிய வெளிச்சத்தில் நான் எங்கோ மிதந்துகொண்டிருந்தேன். ரெஜினா விளக்கை இன்னும் அருகே இழுத்தபோதுதான் கரைக்குத் திரும்பினேன்.

“வெள்ளையா ஒரு திட்டு தெரியுது. புற்றுன்னு அர்த்தமில்ல. நாகர்கோவில்ல டாக்டர் பாக்கணும்.”

திரையை விலக்கினேன். பன்னிரண்டு முகங்கள். ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தால் போணி நன்றாய் ஆகியிருக்கும். அத்தனை பேரும் உள்ளே சென்றிருப்பார்கள். அந்தப் பொய் என் நாவின் நுனிவரை வந்தது.

“எனக்குத் திட்டு இருக்கிறது. மருத்துவரைப் பார்க்கவேண்டுமாம்,” என்றேன்.

ஒருத்தி சருவத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “போணியே வெளங்கல,” என்றாள்.

“இரிட்டி,” என்றார் செல்வமேரி. “வலையில ஓட்டைய கரையில வச்சுக் கண்டா தைக்கலாம். கடல்ல போயா காணணும்?” தம் சருவத்தை என் மடியில் வைத்துவிட்டுத் திரைக்குள் போனார். எழுந்தவள் நின்றபடியே இருந்தாள், பிறகு அமர்ந்தாள். அன்று மாலை ஆறு மணிக்குள் பன்னிருவரும் பார்த்து முடித்திருந்தார்கள். செல்வமேரிக்கும் திட்டு தெரிந்தது.

மறுநாள் காலை ஏழு இருபதுக்கு நாகர்கோவில் பேருந்தில் நாங்கள் இருவரும் ஒரே இருக்கையில் அமர்ந்தோம். கட்டணம் பன்னிரண்டு ரூபாய்; ஒருமணி நேரம். என் திட்டை மறுவாரம் உறையவைத்து அகற்றினார்கள். அன்றே வீடு திரும்பினேன். செல்வமேரிக்கு வந்திருந்தது புற்றேதான், தொடக்க நிலையில். அறுவை செய்தார்கள்.

இத்தகைய முகாமுக்குச் செல்வோருக்குச் சில சொற்கள்: முப்பது வயதைக் கடந்தவர்கள், தொந்தரவு ஏதும் இல்லாவிட்டாலும் பாருங்கள். மாதவிலக்கு நாட்களைத் தவிருங்கள். நாட்கணக்குத் தவறி இரத்தம் பட்டால் முகாமுக்கெனக் காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள். பெண்மக்களுக்குத் தடுப்பூசி உண்டு, கேளுங்கள். பேசப் போகிறவர்களே, முதலில் நீங்கள் பார்த்துக்கொண்டு போங்கள்.

அடுத்த பங்குனியில் அந்தக் கரைக்கு மீண்டும் போனேன். செல்வமேரி சருவத்தோடு அமர்ந்திருந்தார். உடல் இளைத்திருந்தது, குரல் இளைக்கவில்லை. அன்றைய முதல் கூறு சாளை மீனை வேறு எவருக்கும் கொடுக்காமல் எனக்கென்று வைத்திருந்தார். அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டார். ஊரில் ஐம்பதுதான் விலை என்று ரெஜினா பிறகு சொன்னார்.