சிரித்த மூஞ்சியை அமுக்காத ஊர்

பூவிழி என்ன வேலை பார்க்கிறாள் என்று குத்தாலத்துக்குக் கிழக்கே அவள் ஊரில் யாரைக் கேட்டாலும், "கம்ப்யூட்டர்ல ஏதோ" என்பார்கள். உண்மை அதைவிட வேடிக்கையானது. படிக்கிறவர்களைச் சந்தோஷப்படுத்துவதுதான் அவள் வேலை. சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக, வீட்டில் இருந்தபடியே, போனில் படிக்கும் பாடங்களை வடிவமைப்பாள். சரியான விடைக்குக் கைதட்டல், தப்பான விடைக்கும் ஒரு தட்டிக்கொடுப்பு, பாடம் முடிந்தால் திரை முழுக்க வண்ணக் காகிதம் சிதறும். இருபத்தெட்டு வயது வரை தன் வீட்டில் ஒரு சபாஷ் கேட்டறியாதவளுக்கு இப்படி ஒரு உத்தியோகம் வாய்த்ததை என்னவென்று சொல்ல!

அவள் அம்மா அம்சம் அந்தக் காலத்தில் பேர்போன நடவுக்காரி. இப்போது ஆறு மா நிலம், அதாவது ரெண்டு ஏக்கர், குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறாள். பிள்ளையைப் புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்பது அவள் கட்சி. பிளஸ் டூவில் பூவிழி பள்ளிக்கூடத்திலேயே முதலாக வந்தபோது, ரேஷன் கடை வரிசையில் விசாரித்தவர்களிடம், "ஏதோ முட்டி மோதித் தேறிட்டா" என்றாள். எம்.எஸ்சி. முடித்தபோதும் அதே 'ஏதோ'தான். வேலை கிடைத்தபோது, "எத்தன நாளைக்கோ" என்றாள். அன்றைக்குப் பூவிழி கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தாள்.

போன ஐப்பசியில் சம்பா நெல்லில் பூச்சியை அடையாளம் காணும் பாடம் ஒன்று கம்பெனிக்கு வந்தது. முதலில் குத்தாலம் வட்டாரத்தில் நூற்றிருபது விவசாயிகளிடம் விட்டுப் பார்க்கலாம் என்று ஏற்பாடு. மேலாளர் அனீஸா சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர். நல்ல மனுஷி.

"பூவிழி, இது உங்க ஊரு. டிசம்பருக்குள்ள அஞ்சுக்கு நாலு மார்க் வந்துட்டா உங்களப் பர்மனென்ட் ஆக்கிடலாம். வரலைன்னா காண்ட்ராக்ட் அதோட முடியுது. மேல கறாரா இருக்காங்க" என்றார்.

மார்க் என்பது இதுதான்: பாடத்தின் கடைசியில் ஐந்து மூஞ்சிகள் வரும். அழுமூஞ்சிக்கு ஒன்று, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் மூஞ்சிக்கு ஐந்து. படித்தவர் மனசு எப்படி இருக்கிறதோ அந்த மூஞ்சியை அமுக்க வேண்டும்.

பூவிழி உயிரைக் கொடுத்து வேலை பார்த்தாள். குரல்கூட அவளுடையதே. "அருமை! உங்கள் வயலை மிஞ்ச இனி ஆளில்லை! இந்த முறை அமோக விளைச்சல்தான்!" என்று தேன் ஒழுகப் பேசிப் பதிவு செய்தாள். கம்பெனியில் எல்லாரும் ஆஹா என்றார்கள்.

கார்த்திகையில் முடிவு வந்தது. நூற்றிருபது பேரில் நூற்றுப் பதினொரு பேர் பாடத்தை முழுசாக முடித்திருந்தார்கள். விடைகளும் பெரும்பாலும் சரி. மார்க் மட்டும் ஒன்று புள்ளி ஒன்பது. பாதிப் பேருக்கு மேல் அழுமூஞ்சியைத்தான் அமுக்கியிருந்தார்கள்; பல்லெல்லாம் தெரியும் மூஞ்சியை ஒருத்தரும் தொடவில்லை.

மறுநாள் காலையில் பக்கத்துத் தெரு ஐயாவு வந்து நின்றார். பாடம் படித்த சாகுபடிக்காரர்களில் அவரும் ஒருவர்.

"ஏம்மா, நீ படிச்ச புள்ளதானே? பயிரு இப்பத்தான் கதிரு வாங்குது. இந்த நேரத்துல அமோக வெளைச்சல்னு கத்துனா வெளங்குமா? ஊருக் கண்ணு பத்தாதுன்னு போனுக்குள்ள வேற ஒருத்தி உக்காந்து கண்ணு வைக்கிறா! போனுக்கு உப்பு மொளகா சுத்திப் போட்டுட்டுத்தான் மறுபடியும் அந்தப் பாடத்தத் தொறந்தேன்."

"பாடம் புடிக்கலியா மாமா?"

"யாரு சொன்னா? ரெண்டு தடவ பாத்தேன். தண்டுப் புழுவ அதப் பாத்துத்தான் கண்டுபுடிச்சேன்."

"அப்பறம் ஏன் அழுமூஞ்சிய அமுக்குனீங்க?"

"நெல்லு வயல்ல நிக்கையில சிரிச்ச மூஞ்சிய அமுக்கச் சொல்றியா? நல்லா கேட்ட போ!"

பூவிழிக்குச் சுருக்கென்றது. நெல் களத்தைவிட்டுக் கிளம்பும்வரை இந்த ஊரில் ஒருத்தரும் 'நல்லாருக்கு' என்று வாய் திறக்க மாட்டார்கள். கதிர் தலை சாய்ந்து நிற்கிற வரப்பில் நின்றுகொண்டே 'ஏதோ கெடக்கு' என்பார்கள். அம்சத்தின் வயிற்றில் பிறந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். கம்பெனியின் நாலு நாள் பயிற்சி வகுப்பில் மறந்து போயிற்று, அவ்வளவுதான்.

உடனே கைதட்டலையும் காகிதத்தையும் வழித்துப் போட்டாள். போனை அம்மா முன்னால் நீட்டினாள்.

"அம்மா, சரியாச் சொன்னவங்கள நீ என்னம்மா சொல்லுவ?"

"என்னத்தச் சொல்றது? 'ஏதோ தெரிஞ்சிருக்கு. ஆட்டம் போடாத, மருந்து அளவுல கோட்ட விட்டுடாத'ம்பேன்."

"தப்பாச் சொன்னா?"

"'கண்ணு பொடனியிலயா இருக்கு? மறுபடி பாரு'ம்பேன்."

அதையே அம்மாவின் குரலில் பாடத்தில் சேர்த்தாள். அடேயப்பா! டீக்கடையில் அம்சத்தின் திட்டைப் போட்டுக் காட்டிச் சிரித்தார்கள். ஒருவருக்கொருவர் அனுப்பி, குடவாசல் வரைக்கும் போய் நூற்றிருபது நானூற்று முப்பது ஆனது. மார்க்? ஒன்று புள்ளி மூன்று. பாடம் பிடிக்கப் பிடிக்க அழுமூஞ்சியை அழுத்தி அமுக்கினார்கள், பாவிகள்.

"மேடம், இங்க அழுமூஞ்சின்னா புடிச்சிருக்குன்னு அர்த்தம். தை பொறந்து அறுப்பு முடியட்டும். அப்பறம் கேளுங்க, அத்தன பேரும் சிரிப்பாங்க" என்று மன்றாடினாள் பூவிழி.

"எனக்குப் புரியுது பூவிழி. ஆனா கணக்கு டிசம்பரோட முடியுதே. தை மாசம் சிரிக்கப் போறாங்கன்னு நான் மேல எப்படிக் காட்டுவேன்?" என்றார் அனீஸா.

டிசம்பர் முப்பத்தொன்றோடு வேலை போயிற்று. வழியனுப்பும் மின்னஞ்சலில், 'எங்களோடு உங்கள் அனுபவம் எப்படி?' என்று கேட்டு அங்கேயும் ஐந்து மூஞ்சிகள் போட்டிருந்தார்கள். பூவிழி எதையும் அமுக்கவில்லை. அம்மாவிடம் சொன்னபோது, அம்சம் "ம்" என்றதோடு சரி.

தையில் மிஷின் இறங்கி அறுப்பு முடிந்தது. நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போன மறுநாள், ஐயாவு போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இப்ப அமுக்கலாம்னு பாத்தா சிரிச்ச மூஞ்சி அமுங்கவே மாட்டேங்குதேம்மா?"

'கருத்துக் கேட்பு முடிந்தது. நன்றி' என்றது திரை.

"அத மூடிட்டாங்க மாமா. என் வேலையும் போயிடுச்சு."

"அடக் கடவுளே! எங்களாலயா?"

வாசலில் விதைநெல் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்சம் நிமிர்ந்தாள்.

"போனாப் போவுது! எம் மவ மாதிரி கெட்டிக்காரி இந்தத் தாலுகாவுலயே கெடையாது. பள்ளிக்கூடத்துலயே மொதலா வந்தவ அவ! எமெஸ்சி படிச்சவ! அவ சொல்லிக் குடுத்துத்தானே உங்க பயிரெல்லாம் தப்பிச்சுது?" தெருவே திரும்பிப் பார்க்கும் குரலில் சொன்னாள். மகள் வாங்கிய மார்க்கையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தாள்.

பூவிழிக்கு நெஞ்சு நிரம்பி வழிந்தது. அடுத்த நொடியே விஷயம் விளங்கி அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வேலையும் போன பிறகு, கண் படுவதற்குத் தன்னிடம் இனி ஒன்றும் பாக்கி இல்லை. அதனால்தான் அம்மா வாய் திறந்திருக்கிறாள்.

மறுநாளே திருச்சிக் கம்பெனி ஒன்று வேலைக்குக் கூப்பிட்டது. பூவிழி ஒரு வாரம் அம்மாவிடம் மூச்சு விடவில்லை.