மருமகள் எடைக்கு ஒரு பை அரிசி

பக்கவாதம் வந்த பிறகு என் வலது கைக்குத் தனியாக ஒரு புத்தி முளைத்துவிட்டது. தூக்கு என்றால் தூக்காது, பிடி என்றால் பிடிக்காது. ஆனால் நான் தும்மினாலோ, பயந்தாலோ, யார் மேலாவது எரிந்து விழுந்தாலோ விரல்கள் தாமாக மடங்கி இறுகிக்கொள்ளும். ஆரப்பாளையத்தில் டவுன் பஸ் ஏறி உட்கார்ந்து ஒருநாள் ஒரு தும்மல் போட்டேன். பக்கத்தில் இருந்தவரின் வேட்டி முனை என் கைக்குள் போய்விட்டது. அவர் இறங்கும் இடம் வந்ததும் எழுந்தார். வேட்டி எழவில்லை.

"அண்ணே, என்னண்ணே இது, விடுங்கண்ணே!"

"நான் விட்டுட்டேண்ணே. இதுதான் விட மாட்டேங்குது."

கண்டக்டர் வந்து விரல் விரலாகப் பிரித்துவிட்டார். இறங்கிப் போகும்போதும் அந்த மனிதர் இடுப்பைப் பிடித்தபடி திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

இதை என் தெரபிஸ்டிடம் நகைச்சுவையாகத்தான் சொன்னேன். குளிக்க, உடுத்த, சாப்பிட, வேலைக்குப் போக மறுபடி பழக்கிவிடுவது அந்தப் பெண்ணின் வேலை. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். சிரித்து முடித்துவிட்டு என் வலது கையை எடுத்தார். "விரலப் பிடிச்சு இழுக்காதீங்க சார். இழுத்தா இன்னும் இறுகும். மணிக்கட்டக் கீழ் பக்கமா மடக்குங்க, பாருங்க." மடக்கினார். விரல்கள் காலையில் கடை திறப்பது போல நிதானமாகத் திறந்தன. நாற்பத்து நான்கு வருடமாக என்னோடு இருக்கும் மணிக்கட்டு, இப்படி ஒரு வசதி இருப்பதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவர் சொல்லிக்கொடுத்ததெல்லாம் இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள்தான். சட்டை போடும்போது முடியாத கையை முதலில் நுழை, கழற்றும்போது நல்ல கையை முதலில் உருவு. தட்டுக்கு அடியில் ஈரத்துணி போடு, தட்டு ஓடாது. வாளியைப் பாதிக்கு மேல் நிரப்பாதே. இடது கையால் சாப்பிடக் கூச்சமா, கூச்சத்தோடு சாப்பிடு, பசி போகும். ஒத்தக்கடையில் நான் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்தில் முதல்நாள் இடது கையால் தயிர்சாதத்தைப் பிசைந்தபோது சுற்றிலும் எல்லோரும் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார்கள். வெளியே ஒன்றும் இல்லை. நான் இரண்டாவது டப்பாவையும் திறந்தேன்.

அப்புறம் ஒருநாள் அவர் கேட்டார்: "சார், உங்களுக்கு முக்கியமா என்ன செய்யணும்?"

மற்றவர்கள் என்ன பதில் சொல்வார்களோ, நான் தயங்கவே இல்லை. "என் தங்கச்சி மகளுக்கு ஆடி முடிஞ்சு குலசாமி கோயில்ல காது குத்து. புள்ள என் மடியிலதான் உக்காரணும்."

எங்கள் பக்கம் காது குத்துக்குத் தாய்மாமன் மடிதான் ஆசனம். மொட்டை போட்ட குழந்தையை மாமன் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்தால்தான் ஆசாரி ஊசியை எடுப்பார். தங்கைக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன். ஆனால் வீட்டில் அதற்குள் முடிவாகிவிட்டது. அப்பா இல்லாத வீட்டில் அப்பா மாதிரி இருக்கும் பெரியப்பா சொல்லியிருந்தார்: சித்தப்பா மகன் மடியில் வைத்துக்கொள்ளட்டும், அவனும் மாமன்தானே.

"ஏண்டா, புள்ள துள்ளும். காதுகிட்ட ஊசி. ஒத்தக் கைய வச்சுக்கிட்டு என்னத்தடா பிடிப்ப? நீ பக்கத்துல நில்லு, அது போதும்."

தங்கையிடம் தனியாகக் கேட்டேன். "எனக்கு ஆசதான்ணே," என்றாள். "ஆனா பயமாவும் இருக்கு."

அந்தப் பயத்தோடு எனக்குச் சண்டை இல்லை. எனக்கும் அதே பயம் இருந்தது. ஆனால் பக்கத்தில் நிற்கச் சொன்னது பொறுக்கவில்லை. பக்கத்தில் நிற்க ஒரு பந்தக்கால் போதும்.

தெரபிஸ்ட் கேட்டது ஒரே கேள்வி: "பாப்பா எத்தன கிலோ?" பதினொன்று. அன்று முதல் பதினொரு கிலோ அரிசி நிரப்பிய ஒரு பை எனக்கு மருமகளானது. சுவர் என் வலது பக்கம் இருக்க வேண்டும், சாய்ந்தால் அது தாங்கும். சம்மணம் கூடாது, கால் இரண்டும் தரையில் பதியும்படி ஒரு திண்டின் மேல் உட்கார வேண்டும். இடது கை குழந்தையின் நெஞ்சுக்குக் குறுக்கே. மூன்று நாள் நன்றாகப் போயிற்று. நாலாம் நாள் அவர் என் மனைவியைப் பார்த்து, "அரிசி உதைக்காதுல்ல அக்கா, நீங்க கொஞ்சம் உதைக்க வைங்க," என்றார்.

என் மனைவி பதினேழு வருடம் காத்திருந்தது போலப் பையைப் பிடித்து உலுக்கினாள். உலுக்கிய உலுக்கில் பயந்து என் வலது கை பையின் மூலையைப் பற்றிக்கொண்டது. அவள் இழுத்தாள், கை விடவில்லை, பை கிழிந்தது. மருமகள் கூடம் முழுக்கச் சிதறிக் கிடந்தாள்.

"ஊசி குத்துறதுக்கு முன்னாடியே புள்ளயக் கிழிச்சுட்டீங்க," என்றாள் மனைவி, துடைப்பத்தை எடுத்துக்கொண்டே.

அதற்கும் தெரபிஸ்ட் ஒரு வழி வைத்திருந்தார். "குலசாமி கோயில்ல துண்ட எங்க கட்டுவீங்க சார்?"

"சாமி முன்னாடி தோள்ல போடக் கூடாது. இடுப்புலதான்."

"அந்தத் துண்டுக்குள்ள பாப்பாவையும் சேத்துக் கட்டிருங்க."

சாமிக்கும் மரியாதை, எனக்கும் சீட் பெல்ட்.

விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பு, யாரிடமும் சொல்லாமல், அளவு டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு உசிலம்பட்டி பஸ் ஏறினேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. கோயிலில் ஆள் இல்லை. சன்னதி முன் வெறும் தரை, அது எனக்கு ஆகாது. ஆனால் பொங்கல் வைக்கும் கொட்டகையின் ஓரத்தில் ஒரு கல் திண்டு, அதன் வலது பக்கம் ஒரு கல்தூண். டேப்பின் நுனியைச் செருப்புக்காலால் மிதித்து இடது கையால் இழுத்து அளந்தேன். என் முழங்கால் உயரத்துக்குச் சரியாக இருந்தது. உட்கார்ந்தேன், எழுந்தேன், உட்கார்ந்தேன். தூரத்தில் ஆடு மேய்த்தவர் எனக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்.

அந்த நாளும் வந்தது. மொட்டை போட்டு, சந்தனம் பூசி, புதுப் பாவாடையில் மருமகள் வந்தாள். சித்தப்பா மகன் பட்டுச் சட்டையில் சன்னதி முன் சம்மணம் போட்டுத் தயாராக இருந்தான். நான் யாரையும் கேட்கவில்லை. திண்டில் போய் உட்கார்ந்து, தூணோடு வலது தோளைச் சேர்த்து, துண்டை அவிழ்த்துத் தொடைமேல் விரித்தேன்.

"இங்கிட்டுக் கொண்டாங்க புள்ளய."

பெரியப்பா வந்தார். "டேய், என்னடா இது? எந்திரி."

"உக்காந்துட்டேன் பெரியப்பா. என்னைய எந்திரிக்க வைக்க நாலு ஆளு வேணும். ஆசுபத்திரியிலயே எழுதிக் குடுத்திருக்காக."

"சாமிக்கு முன்னாடி உக்காராம ஓரத்துலயா?"

"இங்கிருந்து எனக்குச் சாமி தெரியுது. சாமிக்கு என்னையத் தெரியாதா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. "புள்ளக்கி ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா?" என்றார். அதில் கோபம் இல்லை. தங்கையைப் பார்த்தேன். அவள் தூணைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள். பிறகு குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, துண்டை இரண்டு பேரையும் சுற்றி எடுத்து அவளே முடிச்சுப் போட்டாள்.

"எம்புட்டு இறுக்கணும்ணே?"

"இன்னுங் கொஞ்சம்."

முதல் காதுக்கு மருமகள் ஏமாந்துவிட்டாள். என்னவென்று புரிந்து அழுவதற்குள் முடிந்தது. இரண்டாவது காதுக்கு அவள் தயாராகிவிட்டாள். உடம்பை வில்லாக வளைத்து, என் தாடையில் மொட்டைத் தலையால் ஒரு முட்டு முட்டினாள். கண்ணில் பூச்சி பறந்தது. இடது கை நழுவுவது தெரிந்தது. துண்டு பிடித்தது. தூண் பிடித்தது. ஆசாரி "அப்படியே, அப்படியே" என்றார். ஒரு நொடி. முடிந்தது.

அழுத பிள்ளையைத் தூக்கத் தங்கை முடிச்சை அவிழ்த்தாள். பிள்ளை வரவில்லை. பாவாடை முனை என் வலது கைக்குள் இருந்தது. முட்டு வாங்கிய நொடியில் அந்தக் கை தானாகப் போய்ப் பிடித்திருக்கிறது. ஒன்றுக்கும் உதவாது என்று எல்லோரும் கைகழுவிய கை அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் பிடித்து, எல்லோரும் விட்ட பிறகும் விடாமல் இருந்தது.

பெரியப்பா குனிந்து விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். இழுக்க இழுக்க அது இறுகியது. "என்னடா இது, இரும்பா இருக்கு," என்றார் மூச்சு வாங்க. "விடுறா!"

"நான் விட்டுட்டேன் பெரியப்பா. இதுதான் விட மாட்டேங்குது."

மணிக்கட்டைக் கீழே மடக்கினால் போதும், எனக்குத் தெரியும். மருமகள் அழுகையை நிறுத்திவிட்டு, ஈர முகத்தோடு, என் விரல்களோடு பெரியப்பா படும் பாட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும் என்று சும்மா இருந்தேன்.