நவமணியின் மூன்று கைதட்டல்

“தம்பி, நாளைக்கு என் மாமியார கிளினிக்குக் கூட்டிட்டுப் போங்கலா, ப்ளீஸ்,” என்று கெஞ்சியபடி வாசலை மறித்து நிற்கிறார் நவமணி. நாம் முதுகை நிமிர்த்தி, புன்னகையோடு, காரணம் எதுவும் சொல்லாமல், “முடியாதுக்கா” என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் வளையல்கள் குலுங்க மூன்று முறை கைதட்டி உள்ளே விடுவார். மாமியார் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது.

ஜெலுத்தோங்கில் ஒரு கார்ப் பட்டறையின் மேல்மாடியில், சனிக்கிழமைதோறும் இந்த வாழ்க்கைப் பயிற்சி வகுப்பு. “மூச்ச ஆழமா இழுங்க, பயமெல்லாம் வெளிய போகட்டும்” என்பார் பாடம் நடத்தும் நவமணி. இழுத்தால் பெயின்ட் வாடைதான் உள்ளே போகும். நாங்கள் எட்டுப் பேர். என்னை அனுப்பியது என் மனைவி; முடியாது என்று அவளிடம் சொல்லத் தெரியாததால்தான் வந்து சேர்ந்தேன்.

நவமணிக்கு ஐம்பது வயது. வாரநாள்களில் ஒரு பல் கிளினிக்கில் கவுன்ட்டர் வேலை. ஆன்லைனில் படித்து வாங்கிய சான்றிதழைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, அதற்கும் சேர்த்துப் பூ வைக்கிறார். அவருக்குப் பரம எதிரி ஒரே ஒரு சொல்தான். “பாக்கறேன்லான்னு ஒண்ணு வச்சிருக்கோமே, அதான் நம்மாளுங்களப் புடிச்ச சனியன். வரமாட்டேன்னு அர்த்தம். கூப்பிட்டவன் பாவம், வராதவனுக்கும் சேத்து நாசி லெமாக் பொட்டலம் கட்டி வச்சிருப்பான்!” கெரேத்தா, அதாவது கார், ரிப்பேர் என்று சாக்குச் சொல்வதற்கும் வகுப்பில் தடை.

அவருடைய தலைவலி சிவநேசன். துறைமுகக் குமாஸ்தா. பிறந்ததிலிருந்து யாருக்கும் மறுப்புச் சொன்னதில்லை. “பசார்ல ஒரு கிலோ கெம்போங் மீன் வாங்கிட்டு வாங்க” என்று வாசலில் அவரைச் சோதித்தபோது, நிஜமாகவே போய் வாங்கி, சுத்தமும் செய்து கொண்டுவந்து நீட்டினார்.

போன சனிக்கிழமை வாசலில் கெஞ்சல் வேறாக இருந்தது. “நாளைக்குக் காலையில செபராங் ஜெயா வாங்க.” ஒருவர் பின் ஒருவராக நிமிர்ந்து, சிரித்து, “முடியாதுக்கா” என்றோம். அவர் கைதட்டவில்லை. சிவநேசன் வழியில் யாருடைய மூட்டையையோ தூக்கிக் கொடுத்துவிட்டுத் தாமதமாக வந்து, கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இது பயிற்சி இல்ல,” என்றார் நவமணி. “நாளைக்கு செபராங் ஜெயாவுல ஒரு ஆபிஸ்ல என் வகுப்பப் பாக்கணும்ங்கறாங்க. புடிச்சா ஒரு வருஷ கான்ட்ராக்ட். கவுன்ட்டர விட்டு எந்திரிச்சிரலாம். நீங்க வந்து உக்காந்தாத்தானே அது வகுப்பு?”

கீழே யாரோ தகரம் தட்டினார்கள். “பாக்கறேன்லாக்கா,” என்றாள் சாந்தினி, தரையைப் பார்த்தபடி. தயாளன், “கெரேத்தா கொஞ்சம் ரிப்பேர்…” என்று இழுத்தார். மற்றவர்களும் அதே பாட்டு. நானும்தான். மறுநாள் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. சொன்ன வாய்க்கே வெட்கமாக இருந்தது.

நவமணியின் கண் கலங்கிவிட்டது. “சிவநேசன் தம்பி, நீங்களாவது வருவீங்கல்ல?”

சிவநேசன் எழுந்தார். முதுகை நிமிர்த்தி, எப்படியோ ஒரு புன்னகையையும் வரவழைத்துக்கொண்டார்.

“முடியாதுக்கா.”

காரணம் சொல்லவில்லை.

நவமணி கைப்பையை மேசைமேல் வைத்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வளையல்கள் குலுங்க, மூன்று முறை கைதட்டினார்.