கண்ணாடித் துண்டில் நின்ற கூட்டம்

"...அப்ப, எனக்காகக் கூடி நிக்கற சனத்தையே மருந்தூத்திச் சாவடிக்கோணுங்கறீங்களா?" என்று மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே அண்ணி கேட்டார்.

லேப் டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பாடுபட்டு மேட்டில் இழுத்து வந்த வண்டி கடைசித் திருப்பத்தில் குடை சாயப் போகிற மாதிரி இருந்தது.

அண்ணி என் அண்ணன் மனைவி. கன்னட நாட்டுக்குள் தமிழ் பேசுகிற மார்டள்ளி ஊர்க்காரர். எங்கள் நகரத்து விஜயநகர்ப் பக்கம் புதுவீடுகள் மளமளவென்று எழும்பிக்கொண்டிருந்த தொண்ணூறுகளில், சித்தாள் பெண்களைக் கூட்டிப்போய் வேலை வாங்குகிறவர். வாய் என்றால் அப்படியொரு வாய். மெதுவாகப் பூசுகிற கொத்தனாரைப் பார்த்து, "நீங்க பூசி முடிக்கறதுக்குள்ள வீட்டுக்காரரு பேரனுக்கே கண்ணாலம் ஆயிரும்" என்பார். அந்தக் கொத்தனாரே சிரித்துவிடுவார். இந்தப் பேச்சுக்காகவே அவர் பின்னால் திரிந்தவள் நான். பள்ளிக்கூடம் எனக்கு ஏழாவதோடு சரி. மீதியெல்லாம் ஜனங்கள் வாயிலிருந்து படித்ததுதான்.

அண்ணிக்கு மார்பில் கட்டி. ஒரு நர்சிங் ஹோமில் எடுத்தார்கள். புற்று என்று வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். அதற்கு முன் கட்டியின் ஸ்லைடுகளைத் தாங்களே பார்க்கணும், கட்டியைச் சோதித்த லேபில் போய் வாங்கி வாருங்கள் என்றார்கள். அப்போதெல்லாம் அப்படித்தான், நம் உடம்பில் வெட்டியதை நாமே தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். அங்கே ஒரு நர்ஸ் நல்ல மனசோடு, ஊசி போட்டால் ரத்தத்தில் வெள்ளை அணு குறையும், சளி பிடித்தவர்கள் பக்கம் போகாதீங்க என்று சொல்லிவைத்தார். அண்ணி அதைப் பிடித்துக்கொண்டு ஊசியே வேண்டாம் என்றார்.

"வெள்ளணு நல்லதா, கெட்டதா?"

"நல்லதுதான் அண்ணி."

"நல்லதக் கொறைக்கறது என்ன மருந்து?"

வீட்டில் இதே பேச்சு. அண்ணன் கெஞ்சிப் பார்த்தார், கத்திப் பார்த்தார், சாப்பிடாமல் படுத்தும் பார்த்தார். எனக்கோ உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் நடக்க வேண்டும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போவேன், வாசலில் எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்புவேன். "அம்மிணி, நீ நடக்கற நடைக்குச் சாமுண்டி மலையே ஏறி எறங்கியிருக்கலாம்" என்று அதற்கும் அண்ணிதான் சிரிப்பார். ஸ்லைடை வாங்கி வைப்போம், ஊசியைப் பிறகு யோசிப்போம் என்ற சமாதானத்தில்தான் அன்று என்னோடு கிளம்பினார்.

லேபில் போனதும், "அதுல என்னதானுங்க தெரியும்?" என்று அண்ணி கேட்டுவிட்டார். டாக்டர் பேச்சுப் பிரியர். உட்காரவைத்துக் காட்டினார். அவர் பேசியது கன்னடம், நாங்கள் தமிழும் கன்னடமும் கலந்து. இங்கே தமிழாகவே எழுதுகிறேன். ஊதா நிறத்தில் திட்டுத் திட்டாக இருப்பது கட்டி. அதைச் சுற்றிக் கருநீலப் பொட்டுகள், தேர் பார்க்க வந்த கூட்டம் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு.

"இதெல்லாம் உங்க ஆளுங்க. வெள்ளை அணுவில் ஒரு வகை. கட்டியைச் சுத்தி இவ்வளவு பேர் எல்லாருக்கும் நிக்க மாட்டாங்க. இப்படி இருக்கறவங்க சில பேர் நல்லபடியா தேறி வர்றதைப் பார்த்திருக்கோம்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த நல்ல சேதியைத்தான் அண்ணி ஒரே கேள்வியில் புரட்டிப் போட்டார்.

"நோடம்மா, இங்க பாருங்க," என்றார் டாக்டர். "நல்ல குறின்னுதான் சொன்னேன். கேரண்டின்னு சொல்லலை. இவ்வளவு பேர் நின்னும் கட்டி வளர்ந்துதானே இருக்கு?"

அண்ணி இப்போதுதான் கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார். "அப்ப வேடிக்கை பாத்துட்டு நின்னாங்களா?"

"சண்டை போட்டிருப்பாங்க, பத்தலை. யார் வேலை செஞ்சாங்க, யார் சும்மா நின்னாங்கன்னு துண்டுக்கு ஏத்தின இந்தச் சாயத்துல எனக்குத் தெரியாது."

"எங்க சைட்டுலயும் அப்படித்தானுங்க. தலையெல்லாம் தெரியும், வேலைதான் தெரியாது."

டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தேன்.

"ஊசி போட்டா இவங்க செத்துருவாங்களா?" என்று அண்ணி விடாமல் கேட்டார்.

"இவங்க செத்து நாளாச்சம்மா. வெட்டின துண்டைத்தானே கண்ணாடியில ஒட்டி வெச்சிருக்கேன். உங்க உடம்புக்குள்ள இருக்கறவங்க ஊசிக்குக் குறைவாங்க. அப்புறம் எலும்புக்குள்ள புதுசா உண்டாகி ஏறுவாங்க. ஏறினாங்களான்னு ரத்தம் பார்த்துட்டுத்தான் அடுத்த ஊசி."

"கட்டியத்தான் எடுத்தாச்சே. பொறகு எதுக்கு?"

"கட்டியிலேருந்து ஒண்ணு ரெண்டு அணு தப்பிச்சு வேற எங்கயாவது போயிருந்தா? அதை உங்க ஆளுங்க கண்டுபிடிச்சாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

எதையாவது சொல்லி அண்ணியைச் சம்மதிக்க வைக்க வேண்டும் என்று நாக்கு துடித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி மறுபடி குனிந்து கண்ணை வைத்தார். தேடுகிற மாதிரி இருந்தது. மெள்ள நிமிர்ந்து, "குடுங்க" என்று ஸ்லைடுப் பெட்டியை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அந்த வழியே போன ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினார். எங்கே போகப்போகிறார் என்று தெரியாமல் நான் படியிலேயே நின்றேன். அண்ணி ஏறி உட்கார்ந்தார். டிரைவரிடம் பெரிய ஆஸ்பத்திரியின் பேரைச் சொல்லி, "பேக நடியப்பா" என்று அவசரப்படுத்திவிட்டு, "ஆளு பத்தலைன்னா வெளியாள எறக்கித்தானே ஆகோணும், ஏறு" என்று ஓரமாக நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.